மீன்தொட்டியில் நைட்ரேட்: ஃபில்டர் நிறுத்தும் இடத்தில் வாளி தொடங்கணும்

"ஃபில்டர் இரவு பகலா ஓடுது, தண்ணியும் தெளிவாத்தான் இருக்கு, அப்புறம் எதுக்கு வாராவாரம் தண்ணி மாத்தணும்?" சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளில் மீன் வாங்கி வந்து முதல் தொட்டி வைத்தவர்களில் பெரும்பாலானோர் ஒரு மாதம் கழித்துக் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். இதற்குச் சரியான பதில் கிடைக்காததால்தான் பல தொட்டிகள் ஆறாவது, ஏழாவது மாதத்தில் மீன் செத்து, காலியாகி, பரணுக்குப் போகின்றன.

பதில் இதுதான்: ஃபில்டர் மீன் கழிவை அழிப்பதில்லை. ஒன்றை இன்னொன்றாக மாற்றுகிறது, அவ்வளவே. மாறி மாறிக் கடைசியில் நிற்பது நைட்ரேட். சாதாரண ஃபில்டரால் அதைத் தாண்டி எதுவும் செய்ய முடியாது. நைட்ரேட் தொட்டியை விட்டு வெளியே போக முக்கியமாக இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, நீங்கள் வாளியில் எடுத்து ஊற்றும் பழைய தண்ணீர். இன்னொன்று, அதை உறிஞ்சி வளரும் செடி.

இந்த வழிகாட்டி, இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள நன்னீர்த் தொட்டியை மனத்தில் வைத்து எழுதியது. நம் ஊரில் புதியவர்கள் அதிகம் வாங்கும் அளவு அதுதான். விளிம்புவரை ஊற்றினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். கல், மணல், மேலே விடும் இடம் போக உள்ளே இருப்பது 45 முதல் 50 லிட்டர். கணக்குகளை எல்லாம் 50 லிட்டருக்குப் போட்டிருக்கிறேன். உங்கள் தொட்டி பெரிதானால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது

மீன் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. மீந்துபோன தீனி, எச்சம், அழுகும் இலை எல்லாம் அதோடு சேர்கின்றன. அம்மோனியா கொடிய நஞ்சு. தண்ணீரின் பி.எச்.சும் (அமில-கார அளவு) வெப்பமும் ஏற ஏற அதன் நச்சுத்தன்மையும் ஏறும். பி.எச். 7, வெப்பம் 25 டிகிரி என்றால் மொத்த அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பி.எச். 8, வெப்பம் 30 டிகிரி என்றால் அது 7 விழுக்காட்டைத் தாண்டிவிடும். நம் போர் தண்ணீரும் நம் ஊர் வெயிலும் சேர்ந்தால் பல தொட்டிகள் இந்த இரண்டாவது நிலைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

ஃபில்டர் மீடியாவில் படர்ந்திருக்கும் நுண்ணுயிர்களில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் ஆபத்துதான், மீனின் ரத்தம் ஆக்ஸிஜன் சுமப்பதை அது தடுக்கும். இரண்டு வேலையையும் தனியாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகை பாக்டீரியாவும் உண்டு என்பது 2015-இல்தான் தெரியவந்தது. நமக்குத் தேவையான செய்தி ஒன்றுதான்: இந்த உயிர்கள் தண்ணீரில் மிதப்பதில்லை. ஸ்பாஞ்ச், செராமிக் ரிங், கல், கண்ணாடி என ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. அவற்றுக்கு ஆக்ஸிஜன் ஓயாமல் வேண்டும். அதனால்தான் ஃபில்டரை இரவில் நிறுத்தக் கூடாது.

நைட்ரேட் மற்ற இரண்டையும்விட எவ்வளவோ சாது. ஆனால் சேர்ந்துகொண்டே போகும். அளவு ஏறியபடியே பல வாரம் இருந்தால் மீனின் நிறம் மங்கும், வளர்ச்சி குறையும், நோய் எளிதில் பிடிக்கும், கண்ணாடியில் பாசி ஓயாமல் படரும். பல வகை மீன் சேர்ந்து வாழும் கலப்புத் தொட்டிக்கு 20 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவு) வைப்பது நல்லது. 40-ஐத் தாண்ட விடக் கூடாது. இறால் வளர்ப்பவர்கள் 20-க்கும் கீழேயே வைத்துக்கொள்ளட்டும். செடித் தொட்டியில் பூஜ்யமாக்கவும் கூடாது, செடிக்கு அது உணவு.

முதலில் குழாய்த் தண்ணீரை அளந்து பாருங்கள்

எல்லோரும் தொட்டித் தண்ணீரை அளக்கிறார்கள், ஊற்றப்போகும் தண்ணீரை அளப்பதில்லை. குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீடு 10500, லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட்டை அனுமதிக்கிறது. அதாவது குடிக்கத் தகுந்தது என்று சான்று பெற்ற தண்ணீரே மீன்தொட்டிக்கு நாம் வைத்த எல்லையைத் தாண்டியிருக்கலாம். கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் போர், உரம் போடும் வயலை ஒட்டிய கிணறு இரண்டிலும் நைட்ரேட் கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றும் வேறு வேறு. கோடையில் ஏரித் தண்ணீர் நின்று லாரித் தண்ணீர் வர ஆரம்பித்தால் மறுபடி அளக்க வேண்டும். போன மாதம் அளந்த எண் இந்த மாதம் செல்லாது.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் தொட்டியில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். வடிகட்டி ஒதுக்கிய உப்பும் நைட்ரேட்டும் அதில்தான் செறிந்திருக்கும். இயந்திரம் சுத்தமாக்கித் தரும் தண்ணீரைச் சாதாரணத் தண்ணீரோடு கலந்து பயன்படுத்தலாம். ஆனால் அதை மட்டுமே ஊற்றினால் தாது உப்பில்லாமல் பி.எச். நிலைகுலையும். சுத்தமான மொட்டைமாடியில் பிடித்த மழைநீரும் அப்படித்தான், கலந்துதான் ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் முதல் சில மழையைப் போகவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

சோதனை செய்யும் முறை

பட்டைத்தாள், திரவக் கிட் என இரண்டு வகை கிடைக்கின்றன. காசு கொஞ்சம் கூடினாலும் திரவக் கிட்டையே வாங்குங்கள். நம் கடற்கரை ஊர்களின் ஈரப்பதத்தில் பட்டைத்தாள் டப்பாவைத் திறந்து மூடத் திறந்து மூட அதன் நம்பகம் போய்விடும்.

திரவக் கிட்டில் புதியவர்கள் சறுக்கும் இடம் குலுக்கல். ஏ.பி.ஐ. என்ற நிறுவனத்தின் நைட்ரேட் கிட்டை எடுத்துக்கொள்வோம். குழாயில் 5 மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்து, முதல் பாட்டிலில் இருந்து 10 சொட்டு விட்டு, மூடித் தலைகீழாகச் சில முறை கவிழ்க்க வேண்டும். பிறகு இரண்டாவது பாட்டிலை 30 விநாடி பலமாகக் குலுக்க வேண்டும். அதிலுள்ள மருந்து அடியில் படிந்து இறுகிவிடும். சும்மா இரண்டு ஆட்டு ஆட்டினால் மேலே இருக்கும் வெறும் நீர்தான் சொட்டும். மேசை விளிம்பில் பாட்டிலின் அடியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் குலுக்குவது நல்லது. அதில் 10 சொட்டு விட்டு, இப்போது சோதனைக் குழாயை ஒரு நிமிடம் முழுதாகக் குலுக்கி, 5 நிமிடம் விட்டு நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் மிகக் குறைவு. ஆரஞ்சு, சிவப்பு என்று போகப் போக அதிகம். குலுக்கல் குறைந்தால் உண்மையில் 80 இருக்கும் தொட்டியும் 10 என்று காட்டும். நிம்மதி தரும் பொய் எண், எந்த எண்ணும் இல்லாததைவிட மோசம்.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். 40-க்கும் 80-க்கும் நிற வேறுபாடு கண்ணுக்குப் பிடிபடாது. அப்போது பாதி தொட்டித் தண்ணீரும் பாதி டிஸ்டில்டு வாட்டரும் கலந்து சோதித்து, வரும் எண்ணை இரண்டால் பெருக்குங்கள். இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டரே போதும்.

இரண்டு எச்சரிக்கை. சில கிட்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் கணக்கில் காட்டும். அந்த எண்ணை 4.4-ஆல் பெருக்கினால்தான் நாம் பேசும் எண் வரும். கிட்டோடு வரும் தாளில் எது என்று போட்டிருக்கும். இன்னொன்று, தொட்டி வைத்த முதல் சில வாரங்களில் நைட்ரைட் இருக்கும். அது நைட்ரேட் சோதனையில் குறுக்கிட்டு எண்ணைக் கூட்டிக் காட்டும். அந்தக் காலத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் கவனித்தால் போதும். அவை இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து, நைட்ரேட் மட்டும் ஏறத் தொடங்கினால் ஃபில்டர் பழகிவிட்டது என்று அர்த்தம். வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நண்பர் வீட்டில் நோயில்லாமல் ஓடும் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் இந்தக் காலம் வெகுவாகக் குறையும். பாக்டீரியா பாட்டில்களைவிட நான் நம்புவது அந்த அழுக்கு ஸ்பாஞ்சைத்தான்.

எவ்வளவு தண்ணீர் மாற்றுவது?

இதற்கு "வாரம் 25 விழுக்காடு" என்று ஒரே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். உங்கள் தொட்டிக்கு அது போதுமா என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

தண்ணீர் மாற்றிய மறுநாள் நைட்ரேட்டை அளந்து எழுதுங்கள். அடுத்த முறை மாற்றுவதற்குச் சற்று முன் மறுபடி அளந்து எழுதுங்கள். இடையில் ஏறிய அளவுதான் உங்கள் தொட்டியின் வார ஏற்றம். 10 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். அதை நீங்கள் மாற்றும் பங்கால் வகுத்தால், சில மாதங்களில் தொட்டி போய் நிற்கப்போகும் உச்சம் கிடைக்கும். வாரம் கால் பங்கு மாற்றினால் 10-ஐக் காலால் வகுக்க 40. பாதி மாற்றினால் 20. ஐந்தில் ஒரு பங்குதான் மாற்றுவேன் என்றால் 50. குழாய்த் தண்ணீரிலேயே 20 இருந்தால் ஒவ்வொன்றோடும் அந்த 20-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதை ஒரு தாளில் போட்டுப் பார்த்தாலே பல குழப்பங்கள் தீரும். வாராவாரம் தவறாமல் கால் பங்கு மாற்றியும் நைட்ரேட் 40-க்குக் கீழே இறங்காததற்கு ஃபில்டரின் குறை காரணமில்லை, கணக்கே அப்படித்தான். அங்கே வேறு ஃபில்டர் வாங்குவதில் பயனில்லை. மாற்றும் பங்கைக் கூட்டணும், அல்லது வார ஏற்றத்தைக் குறைக்கணும். குழாய்த் தண்ணீரே 40 என்றால், எவ்வளவு மாற்றினாலும் 40-க்குக் கீழே வராது, அங்கே ஆர்.ஓ. அல்லது மழைநீரைக் கலப்பதும் செடியும்தான் வழி.

மாற்றும் முறை: ஃபில்டர், ஹீட்டர் இருந்தால் அதுவும், சுவிட்சை அணையுங்கள். சைஃபன் குழாயைக் கல்லுக்குள் செருகி அழுக்கோடு உறிஞ்சி வாளியில் விடுங்கள். கல் பரப்பை ஒரு வாரம் இடப்பக்கம், மறுவாரம் வலப்பக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம். புதுத் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஆன்டி குளோரின் போட்டுத்தான் ஊற்ற வேண்டும். அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் வைத்து ஏர் பம்ப் ஓடவிட்டாலும் குளோரின் போகும்; குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணீரென்றால் அந்த மருந்து போடாமல் முடியாது. வெப்பத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். காலையிலேயே பிடித்து வைத்துவிடுங்கள்.

எடுத்த பழைய தண்ணீர் ரோஜாத் தொட்டிக்கும் துளசிக்கும் போகட்டும். நமக்கு வேண்டாத நைட்ரேட் அவற்றுக்கு உரம். மருந்தோ உப்போ போட்ட தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள்.

ஃபில்டருக்குள் எதை, எந்த வரிசையில் வைப்பது

தண்ணீர் முதலில் தொடும் இடத்தில் கசடைப் பிடிக்கும் பொருள் இருக்க வேண்டும்: முரட்டு ஸ்பாஞ்ச், அதற்கடுத்து மெல்லிய பஞ்சு. அதன்பின் நுண்ணுயிர் குடியிருக்கும் மீடியா. கார்பன் போன்றவை வைத்தால் கடைசியில். கசடு வடிந்த தண்ணீர்தான் செராமிக் ரிங்குக்குள் போக வேண்டும். இல்லையென்றால் அதன் நுண்துளைகள் சேறடைத்து, வெறும் கல்லாகிவிடும். தொட்டியின் மேல் உட்காரும் டாப் ஃபில்டரில் தண்ணீர் மேலிருந்து விழுகிறது, எனவே பஞ்சு மேல் தட்டில். தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டரான கேனிஸ்டர்கள் பலவற்றில் தண்ணீர் அடியிலிருந்து ஏறுகிறது, அப்போது ஸ்பாஞ்ச் அடித்தட்டில். மூடியில் குழாய் எங்கே போகிறது என்று பார்த்து வைத்தால் தவறாது.

செராமிக் ரிங் வாங்கும்போது கடையிலேயே ஒன்றின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நல்ல ரிங் என்றால் சொட்டு உடனே உள்ளே இறங்கி ஈரத்தடம் மட்டும் நிற்கும். மேலே முத்தாகத் திரண்டு உருண்டால் அது வழுவழுப்பாகச் சுட்டது, துளை இல்லை. விலை குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நல்ல ரிங்குக்குக் காசு இல்லையென்றால் பியூமிஸ் கல், எரிமலைக் கல் இரண்டும் நன்றாக வேலை செய்யும். சோப்போ கிருமிநாசினியோ படாத புதிய பிளாஸ்டிக் பாத்திர நார்கூடப் போதும். இரும்பு நார் கூடாது.

ஆக்டிவேட்டட் கார்பன் நைட்ரேட்டை எடுக்காது. அம்மோனியாவையும் எடுக்காது. அது மருந்து மிச்சம், மரத்துண்டு கசியும் மஞ்சள் நிறம், வாடை இவற்றை எடுக்கும். மூன்று நான்கு வாரத்தில் தீர்ந்துவிடும். தினசரித் தேவை அல்ல. மீனுக்கு மருந்து போடும்போது கார்பனை வெளியே எடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் மருந்தை அது விழுங்கிவிடும். ஜியோலைட் என்ற கனிமக் கல் அம்மோனியாவைப் பிடிக்கும், ஆனால் தொட்டியில் உப்பு போட்டால் பிடித்ததைத் திரும்ப விட்டுவிடும். நம் ஊரில் எந்த நோய்க்கும் கல்லுப்பு போடுகிற பழக்கம் இருப்பதால் ஜியோலைட்டை நிரந்தரமாக வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

நைட்ரேட்டையே உறிஞ்சும் ரெசின்கள் கடைகளில் உண்டு. வேலை செய்யும், ஆனால் நிறைந்ததும் புதுப்பிக்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரே மோசமாக இருக்கும் வீட்டுக்கு உதவும். மற்றவர்களுக்கு அந்தக் காசில் ஒரு நல்ல சைஃபனும் இரண்டு வாளியும் வாங்கலாம். "நைட்ரேட்டைத் தின்னும் மீடியா" என்று விற்கும் நுண்துளைக் கற்களும் உண்டு. ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் பாக்டீரியா இருப்பது உண்மை. ஆனால் வேகமாகத் தண்ணீர் பாயும் சிறிய வீட்டு ஃபில்டரில் அதை நம்பி வாளியைக் கீழே வைத்துவிட முடியாது.

பம்ப் வேகத்துக்கு ஒரு சின்னக் கணக்கு: மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு. 50 லிட்டருக்கு 200 முதல் 300 லிட்டர். ஃபைட்டர் மீனுக்கு இதைவிட மெதுவாக. கப்பி, மோலி மட்டும் வளர்ப்பவர்களுக்கு ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு போதும், விலையும் குறைவு, குட்டிகளையும் உறிஞ்சாது.

ஃபில்டர் கழுவுவது

புதியவர்கள் தொட்டியைக் கெடுப்பது பெரும்பாலும் சோம்பலால் அல்ல, அளவுக்கு மீறிய சுத்தத்தால். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கழற்றி, குழாயடியில் வைத்து, பளபளவென்று தேய்த்து மாட்டுகிறார்கள். செவ்வாய்க்கிழமை தண்ணீர் வெள்ளையாகக் கலங்குகிறது, மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது. குளோரின் தண்ணீரில் பாக்டீரியா செத்து, அம்மோனியாவை மாற்ற ஆளில்லாமல் போய்விட்டது.

இப்படிச் செய்யுங்கள். தண்ணீர் மாற்றும் நாளில், எடுத்த பழைய தொட்டித் தண்ணீர் ஒரு வாளி தனியாக வையுங்கள். முரட்டு ஸ்பாஞ்சை அதற்குள் அமுக்கிப் பிழியுங்கள். முதல் பிழிதலில் கரும்பழுப்பாக, மெல்லிய துகள்களோடு அழுக்கு புகை போல விரியும். மூன்று நான்கு முறை பிழிந்து, தண்ணீர் தாராளமாக ஓடும் அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கட்டும்; அந்தப் பழுப்பில்தான் உயிர் இருக்கிறது. மெல்லிய பஞ்சை மட்டும் கழுவிப் பயன்படுத்தலாம், நைந்தால் எறிந்துவிட்டுப் புதிது வைக்கலாம். அது மலிவு. அதில் நாம் காக்க வேண்டியது அதிகமில்லை.

செராமிக் ரிங்கைத் தொடவே வேண்டாம். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் மட்டும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அதே பழைய தண்ணீரில் ஒரு அலசு. ரிங்கை அலசும் வாரத்தில் ஸ்பாஞ்சைப் பிழியக் கூடாது. மீடியா உடைந்து மாற்ற வேண்டியிருந்தால் பாதியை மட்டும் மாற்றி, ஒரு மாதம் கழித்து மீதி. இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருந்தால் ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் மற்றது.

கசடு பிடிக்கும் பஞ்சை வாரம் ஒருமுறையாவது கழுவச் சொல்வதற்கும் நைட்ரேட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பஞ்சில் சிக்கிய எச்சமும் தீனியும் கண்ணுக்கு மறைந்தனவே தவிர, தொட்டியை விட்டுப் போகவில்லை. அதன் வழியாகத்தான் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கேயே மக்கி அம்மோனியாவாகி, நைட்ரேட்டாகிவிடும். மக்குவதற்கு முன்பே பிழிந்து வெளியே கொட்டினால் அத்தனையும் மிச்சம். ஆக, பஞ்சை அடிக்கடி, ரிங்கை அபூர்வமாக. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தீனியில்தான் எல்லாம் தொடங்குகிறது

ஒரு கிராம் தீனியில் 40 விழுக்காடு புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரதத்தில் சுமார் 16 விழுக்காடு நைட்ரஜன். ஒரு கிராமுக்கு 64 மில்லிகிராம் நைட்ரஜன். அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் சுமார் 280 மில்லிகிராம். 50 லிட்டர் தொட்டியில் 5 பிபிஎம்முக்கு மேல். மீனின் உடல் வளர்ச்சிக்கும் நாம் வெளியேற்றும் கசடுக்கும் ஒரு பங்கு போகும் என்பதால் நடைமுறையில் இதைவிடக் குறையும். ஆனாலும் குழந்தைகள் ஆசையாகத் தூவும் ஒரு கூடுதல் சிட்டிகை எங்கே போய் முடிகிறது என்பது இதில் தெரியும்.

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒரு முறை அல்லது இரண்டு முறை. வாரம் ஒரு நாள் தீனி இல்லாமல் விடுங்கள், வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. வீட்டில் தீனி போடுவது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். தாத்தா ஒரு முறை, பேரன் ஒரு முறை, வேலைக்குப் போய் வந்து நீங்கள் ஒரு முறை என்றால் கணக்கு கைமீறிவிடும்.

மீன் எண்ணிக்கையிலும் அதே கண்டிப்பு வேண்டும். இரண்டடித் தொட்டியில் கோல்ட்ஃபிஷ் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வாங்கும்போது இரண்டு அங்குலம் இருக்கும், வளர்ந்தால் தின்பதும் கழிவதும் அந்தத் தண்ணீருக்குத் தாங்காது.

செடிகள்

மணி பிளான்ட் கொடியில் இரண்டு மூன்று கணுவை வெட்டி, வேர் மட்டும் தண்ணீரில், இலை முழுக்க வெளியே இருக்கும்படி டாப் ஃபில்டர் பெட்டியிலோ தொட்டி ஓரத்திலோ செருகிவிடுங்கள். காற்றிலிருந்தே கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் அது நீருக்கடியில் உள்ள செடிகளைவிட வேகமாக வளரும், நைட்ரேட்டையும் அதற்கேற்ப இழுக்கும். சில வாரத்தில் வெள்ளை வேர் கொத்தாக இறங்கும். இலை தண்ணீருக்குள் மூழ்கினால் அழுகும், அப்போது பயன் தலைகீழாகிவிடும்.

தண்ணீருக்குள் வேலம்பாசி, வாலிஸ்நேரியா இரண்டும் நம் தண்ணீருக்கு நன்றாகப் பழகும். வளர்ந்ததை வெட்டி வெளியே எடுத்தால்தான் நைட்ரேட் வெளியே போனதாகக் கணக்கு. உள்ளேயே மஞ்சளாகி உதிர விட்டால் உறிஞ்சியது திரும்பிவிடும். வெட்டியதை ஏரியிலோ வாய்க்காலிலோ போடாமல் செடித் தொட்டிக்கு உரமாக்குங்கள். மிதக்கும் ஆகாயத்தாமரை போன்றவை வெளியே போனால் நீர்நிலையையே மூடிவிடும்.

மின்சாரம் போனால்

ஒரு மணி நேரத் தடைக்குப் பயப்பட வேண்டாம். கேனிஸ்டர் போன்ற மூடிய ஃபில்டரில் மட்டும், சில மணி நேரத்தில் உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்து நுண்ணுயிர் சாகத் தொடங்கும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால், மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள். திறந்து, உள்ளே தேங்கிய நாற்றத் தண்ணீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசி மாட்டுங்கள். 2016-இல் வர்தா, 2023-இல் மிக்ஜாம் புயல்களின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் ரிங்கை ஃபில்டரிலிருந்து எடுத்து ஒரு வலைப்பையில் போட்டுத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுங்கள், தீனியை அடியோடு நிறுத்துங்கள், பேட்டரி ஏர் பம்ப் இருந்தால் ஓடட்டும். இல்லையென்றால் மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள், அவ்வப்போது.

பழைய தொட்டியில் எண் 100-ஐத் தாண்டியிருந்தால்

பல மாதம் ஆவியான தண்ணீரை மட்டும் நிரப்பி வந்த தொட்டியில் இது நடக்கும். தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் ஆவியாகாது. இன்னொரு பக்கம், அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகித் பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கும் தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மையைத் தின்றுகொண்டே வரும். அது தீர்ந்ததும் பி.எச். சரியும். பி.எச். 6-க்குக் கீழே போனால் பாக்டீரியாவின் வேலையும் மந்தமாகி, அம்மோனியா தீங்கில்லாத வடிவத்தில் சேர்ந்து கிடக்கும்.

இந்த நிலையில் பதறிப்போய்ப் பாதித் தொட்டியை ஒரே நாளில் மாற்றினால், போர் தண்ணீரின் உயர்ந்த பி.எச்.சில் அந்த அம்மோனியா நஞ்சாக விழித்துக்கொள்ளும். "தண்ணி மாத்தினேன், மீன் செத்துடுச்சு" என்ற புகார்களில் பல இப்படித்தான் நடக்கின்றன. அதனால் முதலில் பி.எச்., அம்மோனியா இரண்டையும் அளந்து பாருங்கள். பிறகு தினமும் 10 முதல் 15 விழுக்காடு மட்டும் மாற்றுங்கள், புதுத் தண்ணீரை மெல்லிய ஓட்டத்தில் விடுங்கள், தீனியைப் பாதியாகக் குறையுங்கள். குழாய்த் தண்ணீரில் நைட்ரேட் இல்லையென்றால், 120-இல் தொடங்கிய தொட்டி தினம் 15 விழுக்காடு மாற்ற ஒரு வாரத்தில் 40-ஐ ஒட்டி வந்துவிடும். இந்த வாரம் செராமிக் ரிங்கைத் தொடாதீர்கள், கல்லை ஒரேயடியாகக் கிளறாதீர்கள்.

தண்ணீர் இயல்பாகவே மென்மையாக இருந்து பி.எச். மறுபடி மறுபடி சரிந்தால், ஒரு கைப்பிடி கிளிஞ்சலைக் கழுவி ஃபில்டரில் வைக்கலாம். பவளக்கல் வேண்டாம், பவளப்பாறைகளை எடுப்பதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். கடினமான போர் தண்ணீர் உள்ள வீட்டில் கிளிஞ்சலும் தேவைப்படாது, வாராந்திர தண்ணீர் மாற்றமே அந்தக் கடினத்தன்மையைத் திரும்பக் கொடுத்துவிடும்.

எட்டாம் நாள் மறுபடி அளந்து, எண் 40-க்குக் கீழே வந்திருந்தால் தினசரி மாற்றத்தை நிறுத்திவிட்டு, மேலே சொன்ன வகுத்தல் கணக்கில் உங்கள் தொட்டிக்கு வரும் பங்கை வாரம் ஒருமுறை மாற்றத் தொடங்குங்கள்.